விமானி செய்தது பிழையா, அலட்சியமா?

விமான விபத்துச் செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பும் வந்துவிடுகிறது. "பைலட் தப்பு" என்று ஒரு தரப்பு. "செத்துப்போனவர் மேல் பழி போடுகிறார்கள்" என்று மறுதரப்பு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து 260 பேர் இறந்தபோது நாம் எல்லோரும் இதைப் பார்த்தோம். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, விமானம் மேலெழுந்த சில நொடிகளில் இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் 'கட் ஆஃப்' நிலைக்கு மாறியதைப் பதிவு செய்தது. ஏன் மாறின என்று அது சொல்லவில்லை. யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் பிழை, கவனக்குறைவு, அலட்சியம், குற்றம் எல்லாம் ஒரே பொருளில் புழங்கின.

அந்த விபத்தைப் பற்றி இங்கே எதையும் தீர்மானிக்கப் போவதில்லை. விசாரணை முடிந்து, முழு அறிக்கை வெளியான பழைய விபத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிழைக்கும் அலட்சியத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்போம். இந்தக் கோட்டை அழித்துவிட்டால் விமானப் பயணம் இன்னும் ஆபத்தாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது எப்படி என்பதும் போகப்போகத் தெரியும்.

சைடு ஸ்டாண்டும் செல்போனும்

மூன்று பேர் பைக் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறார். வண்டியைக் கிளப்பும்போது சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டார். இடது பக்கம் திரும்பும்போது ஸ்டாண்டு தரையில் இடித்து வண்டி சாய்கிறது.

இரண்டாவது ஆள் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசியபடியே ஓட்டுகிறார். தினமும் அப்படித்தான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அவர் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அது ஆபத்து என்ற எண்ணமே அவருக்கு மங்கிப்போய்விட்டது.

மூன்றாவது ஆள் குடித்துவிட்டு, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில், நண்பர்களிடம் பந்தயம் கட்டிக்கொண்டு பறக்கிறார்.

மூவரும் விழலாம். மூவரும் பத்திரமாக வீடு போய்ச் சேரவும் செய்யலாம். விழுந்தால் அக்கம்பக்கத்தில் மூவருக்கும் ஒரே வசனம்தான்: "பார்த்து ஓட்ட வேண்டாமா?" ஆனால் முதல் ஆளை எவ்வளவு திட்டினாலும் பயன் இல்லை. ஸ்டாண்டை எடுக்க வேண்டாம் என்று அவர் முடிவு எடுக்கவே இல்லையே! அவருக்கு உதவுவது, ஸ்டாண்டு கீழே இருந்தால் என்ஜினை ஓடவிடாத சென்சார். இரண்டாவது ஆளிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பழக்கம் அந்தத் தெருவில் சகஜமாக இருப்பதை மாற்ற வேண்டும். மூன்றாவது ஆளின் லைசென்சைப் பிடுங்க வேண்டும்.

விமானப் பாதுகாப்புத் துறை பல பத்தாண்டுகளாகப் பேசி வருவதும் இந்த மூன்று ஆட்களைப் பற்றித்தான்.

பிழை: கை செய்தது, மனம் நினைக்காதது

மனிதப் பிழை என்றால், செய்ய நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று. அல்லது, சரி என்று நம்பி எடுத்த முடிவு தவறாகிப் போவது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை வகை பிரித்துக் காட்டினார். ஒரு பொத்தானுக்குப் பதில் பக்கத்துப் பொத்தானை அழுத்துவது சறுக்கல். செய்ய வேண்டிய ஒரு படி விட்டுப்போவது மறதி. நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்தப் புரிதலின்படி ஒழுங்காகச் செயல்படுவது தவறான கணிப்பு. மூன்றிலும் பொதுவாக இருப்பது, கெட்டது நடக்கட்டும் என்ற எண்ணமோ, நடந்தால் நடக்கட்டும் என்ற எண்ணமோ இல்லாததுதான்.

சறுக்கலுக்கு நல்ல உதாரணம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ரன்வேயிலேயே வயிற்றில் உட்கார்ந்துவிடும் விபத்துகள் நடந்துகொண்டிருந்தன. தரையிறங்கியதும் விமானி இறக்கையின் பின்புறத்தில் நீண்டிருக்கும் ஃபிளாப்புகளை உள்ளிழுக்க வேண்டும். அதற்குப் பதில் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். பைலட் தப்பு என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். ஃபிளாப்புக்கான சுவிட்சும் சக்கரத்துக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி இருந்தன. சக்கரக் கட்டுப்பாட்டின் நுனியில் ஒரு சிறிய ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் கட்டுப்பாட்டின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். பிறகு கண்ணால் பார்க்காமலே கைக்கு வித்தியாசம் தெரிந்தது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தின் காக்பிட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: லேண்டிங் கியர் நெம்புகோலின் நுனியில் குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும்.

மறதிக்கான உதாரணம் அதற்கும் முந்தியது. 1935 அக்டோபர் 30, ஓஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டு. போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற புதிய விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. கூடவே போயிங்கின் தலைமைச் சோதனை விமானியும் இருந்தார். விமானம் நிற்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாமல் இருக்கப் பூட்டு ஒன்று போட்டிருப்பார்கள். அதை விடுவிக்காமலே புறப்பட்டுவிட்டார்கள். விமானம் செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து விழுந்தது. இருவரும் உயிரிழந்தார்கள்.

அந்த இருவரைவிடத் திறமைசாலிகளைத் தேடிப் பிடிப்பது கடினம். அதனால் "இன்னும் கவனமான விமானிகளை அனுப்புவோம்" என்ற முடிவுக்கு யாரும் போகவில்லை. புறப்படும் முன், தரையிறங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை அட்டையில் எழுதி வைத்து வாசிக்கும் செக்லிஸ்ட் முறை அங்கிருந்துதான் வேரூன்றியது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்திலும் இன்று அது வாசிக்கப்படுகிறது.

இதுவரை: பிழையில் முடிவெடுத்தல் இல்லை, அல்லது நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு. அனுபவம் அதை ஒழித்துவிடாது; பழக்கம் ஏற ஏறக் கை தானாக வேலை செய்யும், சறுக்கலும் அங்கேதான் பிறக்கும். அதைக் குறைப்பது வடிவமைப்பும் நடைமுறையும்.

அலட்சியம் எங்கே தொடங்குகிறது

ஆபத்து தெரிந்தும், அல்லது அதே பயிற்சி பெற்ற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விடுவது அலட்சியம். அதன் உச்சம் கண்மூடித்தனம்: ஆபத்தை நன்றாக அறிந்து, அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மற்றவர் உயிரைப் பணயம் வைப்பது.

கண்மூடித்தனத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1986 அக்டோபர் 20, சோவியத் ஒன்றியத்தின் குய்பிஷெவ் நகரம், இன்றைய சமாரா. ஏரோஃப்ளோட்டின் துப்போலெவ்-134 விமானத்தின் கேப்டன், கருவிகளை மட்டும் பார்த்துத் தன்னால் தரையிறக்க முடியும் என்று துணை விமானியிடம் பந்தயம் கட்டி, காக்பிட் ஜன்னல்களுக்குத் திரை போட்டார். எச்சரிக்கை ஒலிகளையும் பொருட்படுத்தவில்லை. விமானத்தில் இருந்த 94 பேரில் 70 பேர் இறந்தார்கள். கேப்டனுக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதைப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதேபோல, இந்தியாவில் விமானம் ஓட்டப்போகும் முன் 12 மணி நேரத்துக்கு மது அருந்தக் கூடாது. புறப்படும் முன் மூச்சுச் சோதனை உண்டு. குடித்துவிட்டு வந்து நிற்பவரிடம் "மறந்துட்டேன்" என்ற பதிலை யாரும் ஏற்பதில்லை. விமான இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. லைசென்சை நிறுத்தி வைக்கும். அது சரியும்கூட. தண்டனையே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை.

சிக்கல் நடுவில் இருக்கிறது, அந்த இரண்டாவது ஆளிடம்.

ரன்வேயை நெருங்கும் விமானம், தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்துக்கு வரும்போதே சரியான வேகத்தில், சரியான சரிவில், சக்கரம் இறங்கி, ஃபிளாப் விரிந்து இருக்க வேண்டும். இதற்கு நிலையான இறக்கம் என்று பெயர். அப்படி இல்லையென்றால் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். விமானிகள் அதை 'கோ அரவுண்ட்' என்பார்கள். விதி தெளிவானது. ஆனால் ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, நிலையற்ற இறக்கங்களில் நூற்றுக்கு மூன்றுதான் 'கோ அரவுண்ட்'டில் முடிகின்றன என்று தெரிந்தது. மற்ற 97 விமானங்களும் அப்படியே இறங்குகின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததால்தான் பழக்கம் ஊறிப்போகிறது.

இதை அபாயப் பழக்கம் என்று வைத்துக்கொள்வோம். விதியை மீறுகிறார்கள், தெரிந்துதான் மீறுகிறார்கள். ஆனால் அதன் ஆபத்து அவர்கள் கண்ணில் படவில்லை. டேவிட் மார்க்ஸ் என்ற அமெரிக்கர் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு எளிய வழி சொன்னார்: பிழை செய்தவருக்கு ஆறுதல் சொல்லி அமைப்பைத் திருத்து, அபாயப் பழக்கம் உள்ளவருக்குப் புரியவைத்துப் பயிற்சி கொடு, கண்மூடித்தனமாக நடந்தவரைத் தண்டி. இந்த அணுகுமுறையைத் துறையில் 'ஜஸ்ட் கல்ச்சர்' என்கிறார்கள்.

எந்தப் பெட்டியில் போடுவது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல கேள்வியும் உண்டு. அதே பயிற்சி, அதே அனுபவம், அதே களைப்பு உள்ள இன்னொருவரை அதே இருக்கையில் உட்காரவைத்தால் அவரும் இதையே செய்திருப்பாரா? ஆம் என்றால், அந்த ஒருவரை நீக்குவதால் எதுவும் மாறாது. இதை மாற்று ஆள் சோதனை என்று சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வைத்து அலட்சியத்தை அளக்காதீர்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தது சிறிய மறதியாலும் இருக்கலாம். யாருக்கும் கீறல்கூட விழாத பயணத்தில் பெரிய அலட்சியமும் இருந்திருக்கலாம். நம் கோபம் சாவு எண்ணிக்கையைப் பார்க்கிறது. விசாரணை பார்க்க வேண்டியது, அந்த நொடியில் அந்த மனிதருக்கு என்ன தெரிந்திருந்தது, வேறு வழி இருந்ததா என்பதை.

மங்களூர், 2010

மேலே சொன்னதெல்லாம் காகிதத்தில் சுலபம். உண்மையான விபத்து ஒன்றை எடுத்தால் மூன்று பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும்.

2010 மே 22, அதிகாலை. துபாயிலிருந்து 166 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, காலை 6 மணி சுமாருக்கு மங்களூரில் இறங்கியது. மங்களூர் ரன்வே குன்றின் உச்சியைச் சீவி அமைத்தது. முனையைத் தாண்டினால் பள்ளம். விமானம் நிற்காமல் ஓடி, ரன்வேயைத் தாண்டி, கான்கிரீட் அமைப்பு ஒன்றில் இறக்கை மோதி, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணை மன்றம் காக்பிட் குரல் பதிவைக் கேட்டது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அந்தப் பதிவில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டனின் பேச்சே இல்லை; குறட்டைச் சத்தமும் ஆழ்ந்த மூச்சும்தான். தூங்கிக்கொண்டிருந்தார்.

"அலட்சியம், இதில் என்ன சந்தேகம்?" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மனித உடல் அடித்துப்போட்டது போலத் தூங்கக் கேட்கும் விடியற்காலை நேரத்தில் அமைந்த பயணம் அது. இரவு முழுக்க விழித்திருக்கும்படி வேலை அட்டவணை போட்டால் தூக்கம் வரும். அதை மனவலிமையால் தடுக்க முடியாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென எழுந்தால் சிறிது நேரத்துக்கு மூளை மந்தமாகவே இருக்கும், கணிப்பு பிசகும். அந்த மந்த நிலையோடுதான் அவர் இறக்கத்தைக் கையில் எடுத்தார்.

அடுத்து, மங்களூரின் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அதனால் விமானத்தை வழக்கத்தைவிடத் தாமதமாகவே கீழே இறங்கவிட்டார்கள். ரன்வேயை நெருங்கும்போது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தது. தாமதமாக இறங்கவிட்டதில் கேப்டன் பொறுப்பு ஒன்றும் இல்லை. நிலைமையைத் தாமதமாகப் புரிந்துகொண்டது, மந்த மூளையின் தவறான கணிப்பு. இதுவரை பிழைக் கணக்கில் எழுதலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அப்படி எழுத முடியாது. விமானம் அளவுக்கு மீறிய வேகத்தில் சரிந்துகொண்டிருக்க, துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' செய்யச் சொன்னார். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி திரும்பத் திரும்பக் கத்தியது. கேப்டன் தொடர்ந்து இறங்கினார். சுமார் 8000 அடி நீள ரன்வேயில் 5200 அடியைக் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. அப்போதும்கூட, பிரேக்கை முழுதாக அழுத்தியிருந்தால் முனைக்கு அப்பால் உள்ள கூடுதல் பகுதிக்குள் விமானம் நின்றிருக்கும் என்று மன்றம் கணித்தது. ஆனால் கேப்டன், விமானத்தை நிறுத்த உதவும் என்ஜினின் எதிர் உந்துதலைப் போட்ட பிறகு, மறுபடி மேலெழ முயன்றார். அப்படிச் செய்யக் கூடாது என்று போயிங்கின் நடைமுறை சொல்கிறது.

எச்சரிக்கை கிடைத்தது; வேறு வழி இருந்தது; பாதுகாப்பான தேர்வைச் செய்யப் போதிய நேரமும் இருந்தது. விபத்தின் நேரடிக் காரணம் கேப்டன் அந்த இறக்கத்தைக் கைவிடாததுதான் என்று மன்றம் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. மூன்று முறை எச்சரித்த துணை விமானி, ஏன் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை? துணை விமானி எப்போது தானே 'கோ அரவுண்ட்' செய்யலாம் என்பது குறித்த விதிகளில் இருந்த தெளிவின்மை காரணமாக இருக்கலாம் என்றது மன்றம். அதாவது, அவர் கை எட்டும் தூரத்தில் கட்டுப்பாடு இருந்தது. எடுக்க அனுமதி உண்டா என்பதுதான் தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த விதியை எழுதியவர்கள் காக்பிட்டில் இல்லை.

இதுவரை: ஒரே விபத்தில், ஒரே மனிதரிடத்தில்கூடப் பிழையும் அலட்சியமும் அடுத்தடுத்த நிமிடங்களில் வரலாம். அதனால் "இந்த விபத்து பிழையா, அலட்சியமா" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அலுவலகத்தில் நடக்கும் அலட்சியம்

பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் ரன்வேயைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். இரு விமானிகளும் அதில் அடக்கம். மறுபடியும் நிலையற்ற இறக்கம். மறுபடியும் துணை விமானி சொன்ன 'கோ அரவுண்ட்' கேட்கப்படவில்லை.

விமான விபத்து விசாரணை அமைப்பான ஏ.ஏ.ஐ.பி. தன் அறிக்கையில் ஒரு சின்ன விவரத்தைச் சேர்த்திருக்கிறது. கோழிக்கோட்டைத் தளமாகக் கொண்டு அந்த நிறுவனம் 26 துணை விமானிகளை வைத்திருந்தது. கேப்டன் ஒரே ஒருவர். மறுநாள் காலை அங்கிருந்து கிளம்பும் விமானத்துக்கும் இந்தக் கேப்டனையே போட்டிருந்தார்கள். அன்று வேறு ஊருக்குத் திருப்பியிருந்தால் மறுநாள் பயணம் குழம்பியிருக்கும். எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்ற அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது ஓரளவு புரிகிறது இல்லையா? பணியாளர் பட்டியல் போடும் மேசையில், யாரும் கத்தாத ஒரு அறையில், விபத்துக்கு முன்பே எடுத்த முடிவு அது.

பயிற்சியும் அப்படித்தான். 2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் டிரான்ஸ் ஏசியா 235 தைபேயில் புறப்பட்டதும் வலது என்ஜின் செயலிழந்தது. கேப்டன் பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது என்ஜினின் விசையைக் குறைத்து, அணைத்தும் விட்டார். விமானம் மேம்பாலத்தை உரசி ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். தவறான பக்கம் இழுத்துவிட்டேன் என்று கடைசி நொடிகளில் அவரே சொன்னது பதிவாகியிருக்கிறது. கேட்கவே மனம் கனக்கிறது. அந்தக் குரலில் அலட்சியம் இல்லை.

ஆனால் அவருடைய பயிற்சிக் கோப்பைத் திறந்தால் வேறொன்று தெரிகிறது. கேப்டன் பதவிக்கான சிமுலேட்டர் சோதனையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறியவர் அவர். புறப்படும்போது என்ஜின் கெட்டால் என்ன செய்வது என்பதில் போதிய அறிவு இல்லை, தடுமாறுகிறார் என்று பயிற்றுநர்கள் எழுதியே வைத்திருந்தார்கள். நிறுவனம் அவரைக் கேப்டனாக்கியது. விபத்துக்குப் பிறகு தைவான் அரசு அந்த நிறுவனத்தின் அதே ரக விமானம் ஓட்டும் விமானிகளிடம் என்ஜின் கோளாறு பற்றி வாய்மொழித் தேர்வு வைத்தது; 10 பேர் தேறவில்லை. மாற்று ஆள் சோதனையை ஒரு அரசாங்கம் நிஜமாகவே நடத்திப் பார்த்தது போல ஆகிவிட்டது.

நல்ல பயிற்சி என்ன சொல்லிக்கொடுக்கிறது

பிழையே செய்யாத விமானியை உருவாக்குவதுதான் பயிற்சியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். 1970கள் வரை துறையும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தது. அந்த நினைப்பை உடைத்தவை இரண்டு விபத்துகள்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில், புறப்படும் அனுமதி கிடைக்காமலே கே.எல்.எம். ஜம்போ ரன்வேயில் ஓடத் தொடங்கி, எதிரே இருந்த பான் ஆம் ஜம்போவில் மோதியது. 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். பான் ஆம் விமானம் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். கேப்டன் உறுதியாக மறுத்ததும் அவர் அதற்கு மேல் பேசவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்டு. யுனைடெட் 173-இன் சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகம். கேப்டன் அதைச் சரிபார்ப்பதிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எரிபொருள் குறைவதை மற்றவர்கள் தயக்கத்தோடு ஜாடையாகச் சொன்னார்கள். டாங்க் காலியாகி விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

இரண்டிலும் பிழை காக்பிட்டில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. சொல்லவும் கேட்கவும் வழி இல்லாமல் போனது. அதற்கான பயிற்சிதான் சி.ஆர்.எம். எனப்படும் காக்பிட் குழுப் பயிற்சி. 1981-இல் யுனைடெட் அதை முதலில் தொடங்கியது. கீழே உள்ளவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மேலே உள்ளவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழக்குவது. பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று வளர்க்கப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல பயிற்சி இன்னொன்றையும் மாற்றுகிறது. 'கோ அரவுண்ட்' செய்த விமானியிடம் எரிபொருள் வீணானதற்கு விளக்கம் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை அவர் இறங்கிவிடுவார்.

தண்டனை ஏன் சில நேரம் ஆபத்து

1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514 வாஷிங்டனுக்கு அருகே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியை, இப்போதே தாழ இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது: ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் விமானம் ஒன்று அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு, அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொல்லவும் செய்தார்கள். யுனைடெட் விமானிகளுக்கு எச்சரிக்கை போனது. டி.டபிள்யூ.ஏ.வுக்குப் போக வழியே இல்லை.

1976-இல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை ஒன்று பிறந்தது. விமானி தான் செய்த பிழையை 10 நாளைக்குள் எழுதி அனுப்பினால், அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றச்செயலாகவோ இல்லாதவரை, தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. லட்சக்கணக்கில் அறிக்கைகள் வந்தன. எந்த ரன்வேயில் எந்தப் பலகை குழப்புகிறது, எந்தச் சுவிட்சில் கை சறுக்குகிறது என்று யாரும் சாகாமலே தெரியவந்தது.

பிழையையும் அலட்சியத்தையும் ஒன்றாகத் தண்டிக்கத் தொடங்கினால் முதலில் நிற்பது இந்த அறிக்கைகள்தான். வேலை போய்விடும் என்றால் யார் எழுதுவார்கள்? பிழைகள் குறையாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கே இரண்டு தடங்கள் உண்டு. செய்திகளில் இவை கலந்துவிடுகின்றன.

முதலாவது விபத்து விசாரணை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆவது இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அல்ல என்கிறது. இந்தியாவின் ஏ.ஏ.ஐ.பி.யும் இதன்படிதான் இயங்குகிறது. எனவே அறிக்கையில் "விமானி நடைமுறையைப் பின்பற்றவில்லை" என்று இருந்தால் அது குற்றத் தீர்ப்பு ஆகாது.

இரண்டாவது நீதிமன்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, அலட்சியத்தாலோ கண்மூடித்தனத்தாலோ மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. அந்த அலட்சியம் எவ்வளவு இருந்தால் குற்றம் என்பதற்கு, மருத்துவர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னது நல்ல வழிகாட்டி: கணிப்பில் ஏற்பட்ட பிழை மட்டும் அலட்சியத்துக்குச் சான்று ஆகாது, குற்ற வழக்குக்கு அந்த அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். அதே தொழிலில் உள்ள சாதாரணத் திறமைசாலி என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். மாற்று ஆள் சோதனைக்கு வெகு அருகில் வருகிறது, பார்த்தீர்களா?

அடுத்த முறை விபத்து அறிக்கை வெளியாகும்போது, செய்தித் தலைப்போடு நிற்காதீர்கள். இறுதி அறிக்கைகளை ஏ.ஏ.ஐ.பி. தன் இணையதளத்திலேயே போடுகிறது. 'சாத்தியமான காரணம்' என்ற பத்தியைப் படித்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் 'துணைக் காரணங்கள்' பகுதிக்கும் கடைசியில் வரும் பரிந்துரைகளுக்கும் போங்கள். பரிந்துரைகள் யாருக்கு எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அவை விமான நிறுவனத்துக்கும், டி.ஜி.சி.ஏ.வுக்கும், விமான நிலையத்துக்கும்தான் இருக்கும். அவற்றில் எவை நிறைவேறின என்ற கேள்வியைத்தான் நாம் அதிகம் கேட்பதில்லை.